முதல் கவளத்துக்கு முன்

மூணாறின் தேயிலைச் சரிவுகளில் பதினொரு மணி தாண்டினால் பேச்சு தானாகச் சமையல் பக்கம் திரும்பும். கையில் கத்தரி, அதில் பொருத்திய தட்டு நிறையக் கொழுந்து, முதுகில் சாக்கு. நிரைக்கு ஒருத்தியாக நின்று, வெட்டிக்கொண்டே பேசுகிறார்கள்.

"யக்கா, இன்னிக்கு வீட்ல என்ன கொழம்பு?"

"சாயங்காலம் மீன்காரரு வந்தா மத்தி வாங்கணும். மாங்கா போட்டு வைக்கலாம்னு இருக்கேன்."

"தேங்கா அரைச்சு ஊத்துவியா, இல்ல நம்மூருக் கொழம்பா?"

பக்கத்தில் அடுப்பு இல்லை, மீன் இல்லை, மாங்காயும் இல்லை. மூக்குக்கு எட்டுவது நறுக்கிய தேயிலையின் பச்சை வாடைதான். ஆனாலும் வயிற்றுக்குள் வேலை தொடங்கிவிட்டது. இரைப்பைச் சுவரில் அமிலம் கசிகிறது. கணையம் தூண்டப்படுகிறது. வாயில் ஈரம் கூடுகிறது. மத்தி மீன் அந்த நேரம் மலைக்கே வந்து சேர்ந்திருக்காது.

பேச்சுக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டல்லஸ் நகர மருத்துவர்கள் மார்க் ஃபெல்ட்மேனும் சார்லஸ் ரிச்சர்ட்சனும் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல்நலத்தோடு இருந்த சிலரின் இரைப்பைக்குள் மெல்லிய குழாயை விட்டு, அமிலம் எவ்வளவு சுரக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ஒரு முறை உணவை மென்று விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். ஒரு முறை கண்ணுக்குக் காட்டினார்கள். ஒரு முறை வாசனையை மட்டும் காட்டினார்கள். பிறகு தட்டே இல்லாமல், பிடித்த சாப்பாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேச வைத்தார்கள். பார்த்தபோதும் முகர்ந்தபோதும் அமிலம் ஓரளவு கூடியது. பேசியபோதோ, மென்று துப்பியபோது சுரந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுரந்துவிட்டது. வேறு விஷயம் பேசியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை.

சாப்பிடுவது வாயில் தொடங்குகிறது என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. உண்மையில் அது தலையில் தொடங்குகிறது. உடலியலாளர்கள் இந்த முன்னேற்பாட்டைத் 'தலைக்கட்டம்' என்கிறார்கள். பிறகு வருவது இரைப்பைக் கட்டம், அதற்கும் பிறகு குடல் கட்டம். ஒரு சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் சுமார் 30 சதவீதம் இந்த முதல் கட்டத்தில் வருவது.

முதலில் இதைத் தெளிவாகக் காட்டியவர் இவான் பாவ்லோவ். மணியோசையும் நாயும் என்று அவர் பெயர் நமக்கு அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்காக. புனித பீட்டர்ஸ்பர்க்கில் அவரும் எகாதெரினா ஷுமோவா-சிமனோவ்ஸ்கயாவும் செய்த சோதனை இது: நாயின் உணவுக்குழாயைக் கழுத்தருகே அறுத்து வெளியே திறந்துவிட்டார்கள். இரைப்பையில் தனியாக ஒரு துளை. நாய் இறைச்சியை ஆசையாக மென்று விழுங்கும். விழுங்கியது கழுத்து வழியே வெளியே விழுந்துவிடும். ஒரு துணுக்குகூட இரைப்பையைத் தொடாது. ஆனாலும் சுமார் 5 நிமிடத்தில் இரைப்பைத் துளையிலிருந்து தெளிந்த செரிமான நீர் சொட்டத் தொடங்கிவிடும். மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் நாய் எவ்வளவு மென்றாலும் சொட்டு வராது. இப்படிச் சேர்த்த நீரைப் பாவ்லோவின் ஆய்வகம் புட்டியில் அடைத்து, அஜீரணத்துக்கு மருந்தாக விற்று, அந்தப் பணத்தையும் ஆய்வுக்குச் செலவிட்டது.

வேகஸின் இந்தப் பங்கு பின்னாளில் அறுவை சிகிச்சைக்கே வழிவிட்டது. சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட் 1943-ல் குடல்புண் நோயாளிகளுக்கு வேகஸ் நரம்பை வெட்டத் தொடங்கினார். 1970-களின் பிற்பகுதியில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வரும்வரை உலகெங்கும் எத்தனையோ பேர் அந்தத் தழும்போடு வாழ்ந்தார்கள். மூளை வயிற்றுக்கு அனுப்பும் செய்தியை நிறுத்தினால் புண் ஆறும் என்பதே அந்தச் சிகிச்சையின் கணக்கு.

சரி, உடல் ஏன் இப்படி முந்திக்கொள்கிறது? சோறு உள்ளே போன பிறகு சுரந்தால் போதாதா?

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் வுட்ஸ் 1991-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. சாப்பாடு நமக்கு உயிர். அதே சாப்பாடு உடலுக்கு ஒரு தாக்குதலும்கூட என்கிறார் அவர். உடல் நாள் முழுக்கப் பாடுபட்டு இரத்தத்தின் சர்க்கரை, உப்பு, அமிலத்தன்மை எல்லாவற்றையும் ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாடு அந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஓடும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. மலையேறி இறங்கும் ஒருவர் மதியம் உண்ணும் 300 கிராம் சோற்றில் மாவுச்சத்து மட்டும் 80 கிராமுக்கு மேல். இரத்தத்தில் இருப்பதைப் போலப் பதினைந்து மடங்குக்கும் அதிகமான சர்க்கரை ஓரிரு மணி நேரத்தில் உள்ளே கொட்டப் போகிறது. வெள்ளம் அணைக்கு வந்து சேர்ந்த பிறகு மதகைத் திறப்பது எப்படிப் போதாதோ, இதுவும் அப்படித்தான். மேலே மழை பிடித்த சேதி கேட்டதுமே நீர்மட்டத்தை இறக்கி வைக்க வேண்டும்.

மழைச் சேதியைப் போல உடலுக்குச் சேதி சொல்பவை வாசனை, நிறம், சத்தம், பேச்சு, நேரம். சேதி கிடைத்தவுடன் என்னென்ன நடக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். உணவு நாக்கில் பட்ட ஓரிரு நிமிடத்தில், சர்க்கரை இரத்தத்தில் ஏறும் முன்பே, கணையம் சிறிதளவு இன்சுலினை விடுகிறது. சுமார் 4 நிமிடத்தில் உச்சம் தொட்டு, பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அளவு சிறியது, எல்லோரிடமும் ஒரே மாதிரி தெரிவதுமில்லை. ஆனாலும் அது அற்பமானது என்று நினைப்பதற்கில்லை. ஸ்வீடனின் போ ஆரேனும் டென்மார்க்கின் யென்ஸ் ஹோல்ஸ்டும் 2001-ல், நரம்புச் செய்தியைத் தற்காலிகமாகத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து இந்த முதல் பத்து நிமிட இன்சுலினை அடக்கிப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் இரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிட உயர்ந்தது. கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. கொலோனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யென்ஸ் புருனிங் குழு 2018-ல், உணவைப் பார்த்து முகர்ந்த எலிகளின் கல்லீரல், ஒரு துணுக்கு உண்ணும் முன்பே புரதங்களை மடித்து அடுக்கும் வேலைக்குத் தயாராவதைக் காட்டியது.

பசியை எழுப்பும் நரம்பணுக்கள்தான் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தவை. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் அவை இருக்கின்றன. பட்டினி கிடக்கும் எலியில் இவை இடைவிடாமல் துடிக்கும். வயிறு நிறைந்ததும் மெல்ல அடங்கும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2015-ல் கலிஃபோர்னியாவில் சாக்கரி நைட் குழு உயிருள்ள எலியின் மூளையில் அவற்றை நேராகக் கவனித்தது. உணவு கண்ணில் பட்ட சில நொடிகளிலேயே, வாய் வைக்கும் முன்பே, அவை சட்டென்று அடங்கிவிட்டன. சுவையான உணவென்றால் இன்னும் வேகமாக. காட்டிய உணவைக் கொடுக்காமல் எடுத்துவிட்டால் துடிப்பு மறுபடி ஏறிவிட்டது. அதாவது, எவ்வளவு சாப்பிட்டாய் என்பதைவிட, என்ன வரப்போகிறது என்ற கணிப்புக்குத்தான் அந்த அணுக்கள் முதலில் பதில் சொல்கின்றன.

கணிப்புக்கு மிகவும் நம்பகமான சேதி நேரம். தேனி மாவட்டத்துக் கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகின்றன. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகள் அவை. இருட்டிலேயே உலை வைத்து, சோற்றையும் குழம்பையும் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிறார்கள். பொழுது புலரும்போது வெறும் கட்டன்சாயா. பெரும்பாலோருக்குத் தோட்டத்தில் இறங்கிய பிறகுதான் காலைச் சாப்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜீப்பில் வயிறு புரட்டும், தோட்டத்தில் நடுக்காலையிலேயே பசி அள்ளும். கொஞ்ச நாளில் உடல் அந்த நேரத்தைப் பழகிவிடுகிறது. பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலும் அதே நேரத்துக்குத்தான் பசிக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு இரத்தத்தில் ஓர் அடையாளம் உண்டு. 1999-ல் ஜப்பானின் மசாயாசு கோஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். 2001-ல் சியாட்டிலில் டேவிட் கம்மிங்ஸ் குழு, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன் அது ஏறத்தாழ இரண்டு மடங்காவதையும், சாப்பிட்டவுடன் இறங்குவதையும் கண்டது. அந்த ஏற்றம் வயிறு காலியாவதால் மட்டும் வருவதில்லை. அவரவர் வழக்கமாக உண்ணும் நேரத்தை ஒட்டி அது ஏறுகிறது என்பதை அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு 2008-ல் எடுத்துக்காட்டியது. மூளையின் பெரிய கடிகாரத்தை அழித்த எலிகள்கூட, உணவு தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்கு முன்னாலேயே பரபரக்கத் தொடங்கிவிடுகின்றன என்பது 1979 முதலே தெரியும். ஒளியைப் பார்த்து ஓடும் கடிகாரம் ஒன்று. சோற்றைப் பார்த்து ஓடும் கடிகாரம் வேறு.

எஸ்டேட்டில் சாப்பாட்டுச் சங்கு ஊதும்போது பசிப்பது சங்கின் வேலை என்று நாம் நினைக்கிறோம். கால்வாசிதான் அது உண்மை. சங்கு ஊதுவதற்கு முன்பே கிரெலின் ஏறியிருக்கும். சங்கு அதற்கு முத்திரை போடுகிறது. எதைச் சாப்பிட வேண்டும் என்று ஊருக்கு அறிவுரை சொல்லும் நாம், அதைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட ஒருவருக்கு வாய்ப்பிருக்கிறதா என்று கேட்பதே இல்லை. கூலி வேலையில், அதுவும் கொழுந்தின் எடைக்கு ஏற்பக் கூலி கூடும் வேலையில், சாப்பாட்டு இடைவேளையைத் தள்ளிப்போடத் தூண்டும் எதுவும் உடலின் இந்த முன்னேற்பாட்டைக் கலைக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நேரம் எல்லோருக்கும் பொதுவான சேதி. வாசனை அப்படியில்லை. அது ஒவ்வொருவரின் வளர்ப்பையும் பொறுத்தது. இதைக் காட்ட எல்லையோர ஊர்களைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கு, இல்லையென்றால் கோவிந்தாபுரம் தாண்டி முதலமடைக்குப் போய்ப் பாருங்கள். பேச்சு தமிழாகவே இருக்கும். கடைப் பலகைதான் மலையாளத்துக்கு மாறும். ஆனால் சாலையோரக் கடையின் சட்டியில் கடுகு வெடிக்கும்போது வரும் வாசனை வேறாகிவிட்டிருக்கும். தேங்காய் எண்ணெய். அதில் கறிவேப்பிலை விழுந்த மணம். எல்லைக்கு மேற்கே வளர்ந்த பிள்ளைக்கு அந்த மணம் வந்தவுடன் வாயில் நீர் சுரக்கும். தஞ்சாவூரிலோ விழுப்புரத்திலோ நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மணக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அதே மணம் தலைமுடியை நினைவூட்டும். சிலருக்குக் குமட்டவும் செய்யும். காற்றில் மிதப்பது இருவருக்கும் ஒரே மூலக்கூறுகள்தாம். தேங்காய் மணத்துக்குக் காரணமான லாக்டோன்கள். மூக்கின் உணர்விகளும் பெரும்பாலும் ஒன்றே. மூளை அந்த மணத்தோடு சேர்த்துவைத்திருக்கும் அனுபவம் வேறு. ஒருவரின் வயிறு அமிலம் சுரந்து காத்திருக்கிறது. மற்றவரின் வயிறு இறுகிக்கொள்கிறது.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளி பஞ்சாயத்தைச் சேர்ந்த ராமசேரி இட்லியைத் தமிழ் வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மண்பானையின் வாயில் நூல்வலை கட்டிய வளையத்தை வைத்து, துணி விரித்து, மாவூற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பானையை அடுக்கி ஆவியில் வேகவைக்கும் தட்டையான இட்லி. செய்பவர்கள் தலைமுறைகளுக்கு முன் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் முதலியார் குடும்பங்கள். கிழக்கே இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் குழைப்போம். ராமசேரியில் பொடிக்குத் தேங்காய் எண்ணெய். சில தலைமுறைகளில் ஒரு குடும்பத்தின் மூக்கும் வயிறும் புதிதாகப் பாடம் படித்திருக்கின்றன.

அந்தப் பாடம் எப்போது தொடங்குகிறது? பிறப்பதற்கு முன்பே. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் மையத்தில் ஜூலி மெனெல்லா குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சில தாய்மார்கள் கேரட் சாறு குடித்தார்கள். சிலர் பாலூட்டும்போது குடித்தார்கள். குழந்தைகள் பின்னர் கேரட் கலந்த கூழை முதல்முறை உண்டபோது, கேரட்டை முன்பே அறிந்தவைபோல முகம் சுளிக்காமல் ஏற்றன. தாய் உண்பதன் மணம் பனிக்குட நீரிலும் பாலிலும் கலக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறக்கும் பிள்ளை மத்தியையும் தேங்காய் எண்ணெயையும் பெருங்காயத்தையும் பல் முளைக்கும் முன்பே அறிமுகப்படுத்திக்கொண்டுதான் வருகிறது.

மறையூரில் இதற்கு இன்னும் நுட்பமான சான்று இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் சர்க்கரை என்னும் வெல்லம் கரும்புத் தோட்டங்களின் நடுவே கொட்டகைகளில் காய்ச்சப்படுகிறது. அகன்ற கொப்பரையில் சாறு பல மணி நேரம் கொதித்து, அழுக்கு நுரையை வழித்து எறிந்து, பாகு இறுகியதும் மரத்தொட்டியில் கொட்டி, சூடு ஆறும் முன்பே கையால் உருண்டை பிடிக்கிறார்கள். உருண்டையில் விரல் தடம் இருக்கும். அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் போகும் யாரும் "இனிப்பு வாசனை" என்பார்கள். ஆனால் இனிப்பை உணரும் உணர்வி நாக்கில் இருக்கிறது. காற்றில் வரும் எந்த மணமும் அதைத் தொடுவதில்லை. மணத்துக்கு இனிப்பு என்று பெயர் கொடுத்தது அனுபவம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களில் இதைச் சோதித்தார்கள். அறிமுகமில்லாத மணங்களைச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துப் பலமுறை சுவைக்கக் கொடுத்தார்கள். பிறகு அந்த மணத்தைத் தனியாக முகர்ந்தபோது, முன்பைவிட அது இனிப்பாக மணப்பதாகச் சொன்னார்கள். கொதிக்கும் பாகின் மணம் நமக்கு இனிப்பதும் இப்படித்தான்: சிறு வயதில் வாயில் போட்ட ஒவ்வொரு வெல்லக் கட்டியும் மூளைக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். முதலமடையில் மாங்காய் சீக்கிரமே வந்துவிடும். ஆண்டின் தொடக்கத்திலேயே லாரிகள் வடக்கே புறப்படும் ஊர் அது. பிஞ்சு மாங்காயை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய தட்டைப் பார்த்தால் எச்சில் ஊறும் என்று நாம் அடித்துச் சொல்வோம். அளந்து பார்த்தவர்களின் முடிவு அவ்வளவு எளிதல்ல. கண்ணால் பார்ப்பதாலும் நினைப்பதாலும் கூடும் உமிழ்நீர் பெரும்பாலும் குறைவு. ஏற்கெனவே வாயில் இருந்த நீரை அந்த நொடியில்தான் கவனிக்கிறோம் என்றுகூடச் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். அமிலம் நாக்கில் பட்டுவிட்டால் கதையே வேறு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லி சுரக்கும் உமிழ்நீர் புளிப்புக்குப் பத்து மடங்குக்கும் மேல் பெருகும். அது ஆசையின் அடையாளம் மட்டுமில்லை, பல்லுக்கான காப்பும்கூட. உமிழ்நீரில் இருக்கும் பைகார்பனேட் அந்தப் புளிப்பை மட்டுப்படுத்தி எனாமலைக் காக்கிறது.

மெல்லுவதும் உமிழ்நீரைப் பெருக்கும். இதை வைத்து இந்தியாவில் ஒரு பெரிய ஊகமே எழுந்தது. இந்திய ரயில்வேயில் பணியாற்றிய மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1960-களில் நாடெங்கும் உள்ள ரயில்வே ஊழியர்களின் நோய்களை ஒப்பிட்டார். தெற்கே குடல்புண் மிக அதிகம்; கோதுமை ரொட்டி தின்னும் வடமேற்கில் குறைவு. ரொட்டியை நன்றாக மெல்ல வேண்டும், உமிழ்நீர் கலந்து அமிலத்தை மட்டுப்படுத்தும். குழம்பில் குழைத்த சோற்றை மெல்லாமல் விழுங்கலாம், அதனால்தான் தெற்கில் புண் என்றார். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்த பிறகு குடல்புண்ணின் கதை மாறிப்போனது. ஆனால் மல்ஹோத்ராவை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சமைத்த பண்டத்தின் பதம், அதை வாய் நடத்தும் விதம், வயிற்றின் நிலை மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்த்த இந்திய மருத்துவர் அவர். கேள்வி சரி, காரணம்தான் வேறு.

கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது, கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று கொங்கு நாட்டிலும் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மல்ஹோத்ராவின் கணக்குப்படி அது ஆகாத பழக்கம். ஆனால் களிக்கு முன்னேற்பாடு செய்வது பல் இல்லை. கொதிக்கும் சூடு, கீரைக் கடைசலின் மணம், புளிக் குழம்பின் காரம், கையில் உருட்டும்போதே தெரியும் வழவழப்பு ஆகியவைதாம். விரலும் ஒரு சேதிக்காரன்.

மென்றால் போதும், விழுங்க வேண்டாம் என்ற உண்மையை அறுவை சிகிச்சை மருத்துவர்கள் இன்று பயன்படுத்துகிறார்கள். வயிற்றில் அறுவை முடிந்தவர்களுக்குக் குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். அவர்களைச் சூயிங் கம் மெல்லச் சொன்னால் குடல் சற்று முன்னதாக அசையத் தொடங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பாவ்லோவின் நாய்க்கு நடந்ததுதான் இங்கும். உணவு வருகிறது என்ற பொய்ச் சேதியை நம்பி வேகஸ் நரம்பு குடலை எழுப்புகிறது.

இந்த முன்னேற்பாடு முழுவதும் குலைந்துபோவதும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், கோவைக்கு அண்டையில் இருக்கும் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கிறார்கள். 2013-ல் அங்கே பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடெங்கும் செய்தியானது. தாய்மார்களின் இரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, கையைவிட்டுப் போன நிலம், அதோடு போன ராகியும் சாமையும் என்று காரணங்கள் நீண்டன. அதன் பிறகு ஊர்களில் சமூகச் சமையலறைகள் வந்தன. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கு மறுவாழ்வு மையங்களும் இயங்குகின்றன.

நீண்ட நாள் பட்டினியில் மெலிந்த குழந்தைக்குப் பசி அதிகமாக இருக்கும் என்று எண்ணுவோம். பெரும்பாலும் நேர்மாறு. உமிழ்நீர் குறைந்து, இரைப்பை அமிலம் வற்றி, கணையத்தின் நொதிகள் சுருங்கி, குடலின் உள்சுவர் தட்டையாகிவிடுகிறது. உடல் தன் செலவைக் குறைத்துக்கொண்டு பிழைக்கப் பார்க்கிறது. முன்னேற்பாடு செய்யவும் அதனிடம் தெம்பில்லை. கிண்ணத்தைக் காட்டினால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நிலையில் பாசத்தால் வயிறு நிறைய ஊட்டினால் உயிருக்கே ஆபத்து. வுட்ஸ் சொன்ன தாக்குதல் அங்கே உவமை அல்ல.

அதனால்தான் இந்தியச் சுகாதார அமைச்சகத்தின் 2011 வழிகாட்டியில் 'பசிச் சோதனை' ஒரு முக்கியமான படி. வறுத்த வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய் சேர்த்து அரைத்த மாவு. குழந்தை அதற்கு முன் இரண்டு மணி நேரம் எதுவும் உண்டிருக்கக் கூடாது. இரைச்சல் இல்லாத இடத்தில் தாய் மடியில் உட்காரவைத்து, தன் கையாலேயே ஊட்டுகிறார். வேண்டாம் என்றால் சற்றுப் பொறுத்து, கொஞ்சிப் பேசி, மறுபடி நீட்டலாம்; வாயைத் திறந்து திணிக்கக் கூடாது. எடைக்கு உரிய அளவைக் குழந்தை தானாக உண்டால் தேறிவிட்டது. மறுத்தால் மையத்தில் சேர்க்க வேண்டும். ஸ்கேன் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. இந்த அத்தியாயம் முழுக்க நாம் பார்த்த நரம்பும் ஹார்மோனும் சுரப்பியும் வேலை செய்கின்றனவா என்பதை ஒரு கரண்டி மாவு சொல்லிவிடுகிறது.

சேர்த்த குழந்தைக்கு முதலில் கொடுப்பது எஃப்-75 என்னும் பால். 100 மில்லியில் 75 கலோரி. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், கொஞ்சம் கொஞ்சமாக. செவிலியர் ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தில் மிஞ்சியதை அளந்து அட்டையில் எழுதுகிறார். வழக்கமாக ஒரு வாரத்துக்குள் மிச்சம் குறையத் தொடங்கும். குழந்தை கரண்டி கிண்ணத்தில் இடிக்கும் சத்தத்துக்குத் தலையைத் திருப்பும், கிண்ணம் வரும் பக்கம் கையை நீட்டும், காலியானதும் அழும். பசி திரும்பிவிட்டது என்று அப்போது எழுதுகிறார்கள். ஊட்டக்குறைவால் உடலில் வந்த வீக்கமும் வடியத் தொடங்கியிருந்தால், அதன் பிறகுதான் 100 மில்லியில் 100 கலோரி உள்ள எஃப்-100 பாலுக்கு மாற்றுகிறார்கள்.